கட்டமைப்பு எண் 1 முதல் 4 வரை: சாலை அகலப்படுத்தும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலக வாசலில் புளியமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவன் நான். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று இருபத்தெட்டு வருடமாக மற்றவர்களுக்காகவே எழுதிய கை இது. 'மனு' என்று தலைப்பிட்டால் பதிவெண் போட்டுக் கோப்பில் கட்டிவிடுவீர்கள் என்பதால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துச் சாலையை அகலப்படுத்துகிறீர்கள். நல்ல காரியம். அந்த வளைவில் எதிரே தக்காளி லோடு வந்தால் டவுன் பஸ் பின்னால் போக வேண்டியிருக்கிறது. சாலை வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஓரத்தில் இருக்கும் நான்கு இடங்களை, அதாவது மாரியம்மன் கோயில், மாதா சுரூபம் வைத்த கெபி, தர்கா, வேடியப்பன் கல் ஆகியவற்றை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது, நான்கு தரப்பும் என்னிடம்தான் மனு எழுத வந்தார்கள். நான்கு மனுவுக்கும் நீங்கள் அனுப்பிய பதில் ஒன்றே: 'மதக் கட்டமைப்பு எண் 1, 2, 3, 4. பதினைந்து நாட்களுக்குள் மாற்றிடத்தில் அமைத்துக்கொள்ளவும்.'

யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை நீங்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு பேர் சொன்னதையும் காதால் கேட்டு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நான்கு இடங்களிலும் இருப்பது ஒரே மாதிரியான இருப்பு இல்லை. ஓரிடத்தில் சாமி வந்து போகிறது. ஓரிடத்தில் அழைத்தால் வேறு இடத்துக்கு எழுந்தருளுகிறது. ஓரிடத்தில் கடவுள் குடியிருக்கிறார் என்று சொன்னாலே கோபித்துக்கொள்வார்கள். அதனால் எடுக்கும் விதமும் நான்கு.

உங்களுக்கு அதிகப் பயம் மாரியம்மன் கோயில் மீதுதான் என்று கேள்வி. கூட்டம் பெரிது, கோபுரம் பெரிது. உள்ளபடி, நான்கில் சுலபம் அதுதான். ஆகம முறையில் இதற்கென்றே வழி இருக்கிறது. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரிடம் இருக்கும் சக்தியை மந்திரத்தால் கும்ப நீருக்கு இறக்கி, அங்கிருந்து அத்திப் பலகையில் எழுதிய படத்துக்கு மாற்றுவார்கள். அதற்குப் பிறகு பூஜை பலகைக்குத்தான். கல் சிலையைத் தொட்டு எடுக்கலாம், கட்டடத்தைப் பிரிக்கலாம். புதுக் கோயில் எழுந்து கும்பாபிஷேகம் நடக்கும் வரை அம்மன் பலகையில் காத்திருப்பாள். குருக்கள் கேட்டது ஒரு நல்ல நாளும், பலகையை வைக்க ஓலைக்கொட்டகைக்கு இடமும்தான்.

என் மேசைக்கு அவ்வப்போது டீ குடிக்க வரும் பெருமாள் கோயில் பட்டர் இதையே வேறு மாதிரி சொன்னார். பிள்ளை லோகாசாரியர் கடவுளின் ஐந்து நிலைகளையும் தண்ணீரை வைத்தே விளக்கியிருக்கிறாராம். தாகம் எடுத்தவனுக்கு, உள்ளத்தில் இருக்கும் இறைவன் நிலத்தடி நீர் போல. பரமபதத்தில் இருப்பவர் அண்டத்துக்கு வெளியே சூழ்ந்த நீர், பாற்கடலில் இருப்பவர் அந்தக் கடல். ராமனும் கண்ணனும் ஆற்றில் ஓடிப்போன வெள்ளம். கோயில் சிலையில் இருப்பவரோ, வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றில் தேங்கி நிற்கும் மடு. ஆயிரம் அடி போர் போட்டும் காற்று மட்டும் வரும் ஊரில் உட்கார்ந்து இதைக் கேட்டுப் பாருங்கள், சட்டென்று விளங்கும். குனிந்து அள்ளிக் குடிக்க முடிவது மடுவில் மட்டும்தானே.

மாதா கெபிக்கு வருகிறேன். அங்கே ஜெபம் நடத்தி வைக்கும் உபதேசியார் ரொம்பத் தெளிவாகப் பேசினார். "மாதா சுரூபம் மந்திரிச்சதுதான், ஆனா அது அடையாளம்தாங்க. சாமியார் வந்து ஒரு ஜெபம் சொன்னதும் மரியாதையா எடுத்து வச்சிக்கலாம்." அவர்களுக்குக் கடவுள் மனிதனாக வந்தது ஒரே ஒரு தடவை, இயேசுவாக; பிலாத்து என்ற ரோம ஆளுநர் காலத்தில் சிலுவையில் அறையப்பட்டார். யுகந்தோறும் வருவேன் என்ற கீதையின் கணக்கு அங்கே கிடையாது. ஆனால் வந்தவர் இன்னும் பூசையில் அர்ச்சித்த அப்பத்தில் உண்மையாகவே இருக்கிறார் என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. அதனால்தான் அந்த அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது. கெபியில் பேழை இல்லை. நாளைக்கு ஒரு சிற்றாலயத்தை எடுக்க நேர்ந்தால், குருவானவர் வந்து நற்கருணையை வேறு ஆலயத்துக்கு எடுத்துப் போகும் வரை இயந்திரத்தை உறுமவிடாதீர்கள். பக்கத்துத் தெரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போதகர் இதைக் கேட்டுச் சிரித்தார். அவர்கள் அப்பத்தைப் பேழையில் வைத்துக் கும்பிடுவதில்லை. இரண்டு மூன்று பேர் தம் பெயரால் கூடுகிற இடத்தில் இருப்பதாக இயேசு சொல்லியிருக்கிறார், எங்களுக்குக் கூடினால் போதும் என்றார்.

தர்காவில்தான் உங்கள் படிவம் முதலில் தடுமாறுகிறது. 'எந்தத் தெய்வம்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்கள். அதைப் படித்ததும் தர்காவைப் பராமரிக்கும் முஜாவர் முகம் மாறிவிட்டது. "இங்க படுத்திருக்கிறது அல்லாஹ் இல்லைங்க. அல்லாஹ்வோட நேசர், ஒரு மனுஷர்." இறைவன் மனித உருவெடுக்க மாட்டான், பெறவும் மாட்டான், பெறப்படவும் மாட்டான். ஆனால் தூரத்திலும் இல்லை. மனிதனுக்கு அவனுடைய பிடரி நரம்பைவிட நெருக்கமாக இருப்பதாகக் குர்ஆன் சொல்கிறது. அவ்வளவு நெருக்கத்தில் இருப்பவனுக்குச் சாலையோரம் வீடு எதற்கு? கூடவே வந்திருந்த அவருடைய தங்கை மகன், கபரில், அதாவது அடக்கத்தலத்தில், போய் வேண்டுவதே கூடாது என்கிற கட்சி. மாமாவும் மருமகனும் என் மேசை முன்னாலேயே அரை மணி நேரம் வாதாடினார்கள். ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு: அடக்கம் செய்த உடலைத் தோண்டக் கூடாது, தவிர்க்கவே முடியாது என்ற நிலை வந்தாலொழிய. சக்தியைக் கும்பத்தில் இறக்குகிற வேலை இங்கே செல்லாது. பிரச்சினை கடவுளைப் பற்றியதே இல்லை, மண்ணுக்குள் இருக்கும் ஒரு மனிதரைப் பற்றியது. எதிர்ப்பக்கம் புறம்போக்கு காலியாகக் கிடக்கிறது. நடுக்கோட்டை அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா என்று மறுபடி அளந்து பாருங்கள்.

நெடுஞ்சாலைப் பஞ்சாபி தாபா ஒன்றில் ஒரு சீக்கிய லாரி ஓட்டுநர் சொன்னதும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1708-க்குப் பிறகு அவர்களுக்கு ஆள் வடிவில் குரு கிடையாது, கிரந்த நூலே குரு. காலையில் திறந்து வைத்து, இரவில் துணி போர்த்தி உறங்க வைப்பார்களாம். நல்லவேளை, நம் சாலையில் அவர்கள் குருத்வாரா இல்லை. இருந்தால் நீங்கள் 'நூலகம்' என்று எழுதியிருப்பீர்கள்.

கடைசியாக வேடியப்பன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் பட்டியலில் 'சிறு கல், உயரம் மூன்றடி' என்று இருக்கிறது. எண்ணெய்க் கறுப்பைத் துடைத்துப் பார்த்தால் வில்லோடு ஓர் ஆள் நிற்பான், காலடியில் கெண்டி இருக்கும், மேலே பாதி தேய்ந்த வட்டெழுத்து தெரியும். மாடு மீட்கப் போய்ச் செத்த யாரோ ஒருவனுக்கு நட்ட கல். தகடூர் நாட்டில், அதாவது நம் தருமபுரிப் பக்கத்தில், இப்படி எத்தனையோ நடுகற்கள் இன்று வேடியப்பனாகப் பொங்கல் வாங்கிக்கொண்டு நிற்கின்றன. யானையை வீழ்த்தி மடிந்த வீரனின் கல்லைத் தவிர, நெல் தூவிக் கும்பிட வேறு கடவுள் எங்களுக்கு இல்லை என்று மாங்குடி கிழார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். கடவுள் மனிதனாக வருவது ஒருபுறம் இருக்க, இங்கே மனிதன் கடவுளாகிவிட்டான்.

அவன் கல்லிலேயே இருக்கிறான் என்றும் சொல்ல முடியாது. திருவிழா அன்று பூசாரி மேல் வருவான், வாக்குச் சொல்வான், மலையேறுவான். போன வருடம் பார்த்தேன். அதட்டிக்கொண்டிருந்த பூசாரி கற்பூரம் அணைந்ததும் திண்ணையில் சாய்ந்து, "ஒரு டீ சொல்லுப்பா, சக்கரை கம்மியா" என்றார். பத்து நிமிடம் முன்னால் அவர் காலில் விழுந்தவர்தான் ஓடிப்போய் வாங்கி வந்தார்.

கல்லை தருமபுரி அகழ்வைப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று உங்களில் ஒருவர் யோசனை சொன்னாராம். அங்கே நடுகற்களை நன்றாகவே வைத்திருக்கிறார்கள். பூசாரி கேட்டது ஒன்றுதான்: "அங்க பொங்கல் வைக்க விடுவாங்களா?"

வழி இருக்கிறது. கல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படியாகச் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. அதாவது அந்தக் கல் முன்பே ஒருமுறை இடம்பெயர்ந்து வந்ததுதான். பூசாரியிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாங்களே தூக்கிட்டுப் போய் நட்டுக்கிறோம், ஜேசிபி கை படக் கூடாது. எங்க நடறதுன்னு மட்டும் அவனையே கேக்கணும்" என்றார்.

பொது இடங்களில் புதிதாக வழிபாட்டு இடம் எழுப்பக் கூடாது என்று 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, ஏற்கெனவே இருப்பவற்றைத் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுங்கள் என்றுதான் மாநிலங்களுக்குச் சொன்னது. நானும் அதைத்தான் கேட்கிறேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை இரவு வேடியப்பனிடம் வாக்குக் கேட்கிறார்கள். புதன் காலை பூசாரி உங்கள் படிவத்தோடு என் மேசைக்கு வருவார். 'ஒப்புதல் அளித்தவர் பெயர், கையொப்பம்' என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று அதற்குள் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
புளியமரத்தடி மனு எழுதுபவன்