கையெழுத்து பாளையங்கோட்டையில், எர்த் குழி ராதாபுரத்தில்

மின் ஒப்பந்ததாரர் உரிமம் வழங்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். உரிமம் இல்லாதவர் வயரிங்கில் கைவைக்கக் கூடாது என்பது 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. அதில் எனக்கு மறுப்பில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: வேலை செய்கிறவனுக்கே தேர்வு வைத்து உரிமம் கொடுங்கள்.

சென்ற வாரம் ராதாபுரம் பக்கம் ஒரு புது வீட்டில் வயரிங் முடித்தேன். பாறையும் வறட்டு மண்ணுமான பூமி. உப்பும் கரியும் கொட்டித் தண்ணீர் ஊற்றியும் முதல் குழியில் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணில் இறக்கும் இணைப்பு, சரியாகக் கிடைக்கவில்லை. இரண்டாவது குழி தோண்டினேன். வயரிங்கைச் சோதித்த ரிப்போர்ட்டில் கையெழுத்திட வேண்டிய உரிமக்காரர் பாளையங்கோட்டையை விட்டு அசையவில்லை. "எத்தனை பாயிண்ட்?" என்று போனில் கேட்டார். எர்த் அளவு, இன்சுலேஷன் (வயரிலிருந்து மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்பு) அளவு எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பிவிட்டார். நான் முதல் குழியோடு நிறுத்தியிருந்தாலும் தாளில் அதே எண்தான் இருந்திருக்கும். கையெழுத்துக்கான கூலி வீட்டுக்காரர் தலையில். அதுவும் இந்த முறை ஏறிவிட்டது.

நீயே லைசென்ஸ் எடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். மின்கம்பி உதவியாளர் (வயர்மேன் ஹெல்பர்) தேர்வு எழுதவே ஐந்தாண்டு அனுபவம் காட்ட வேண்டும். கொத்தனார் கூப்பிட்ட வீடுகளிலெல்லாம் வேலை செய்து பழகியவன் யாரிடம் சான்று வாங்குவான்? அதே பாளையங்கோட்டைக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். தன் வருமானத்துக்குத் தானே உலை வைத்துக்கொள்ள அவர் என்ன ஏமாளியா?

2023 டிசம்பரில் தாமிரபரணி கொக்கிரகுளத்துக்கும் வண்ணார்பேட்டைக்கும் உள்ளே வந்தபோது, நனைந்த சுவிட்ச் போர்டுகளைக் கழற்றிக் காயவைத்து, இன்சுலேஷனை அளக்கும் மெகர் கருவியைப் பிடித்துப் பார்த்துக் கொடுத்தோம். அன்றைக்கு யாரும் எங்களிடம் லைசென்ஸ் கேட்கவில்லை. வெள்ளம் வடிந்ததும் விதிகள் மட்டும் பத்திரமாக வெளியே வந்துவிட்டன. என்ன அதிசயமோ, அவை மட்டும் நனையவே இல்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில், அனுபவக் காகிதம் கேட்காத ஒரு செய்முறைத் தேர்வு வையுங்கள். எர்த் போடச் சொல்லுங்கள், மெகரைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். தேறாதவனைத் திருப்பி அனுப்புங்கள். தேறியவன், தான் செய்த வீட்டுக்குத் தானே கையெழுத்திடட்டும்; தவறு நடந்தால் பிடிப்பதற்கு உங்களுக்கும் சரியான ஆள் கிடைப்பான். வேலை செய்கிறவனுக்கே தேர்வு, அவனுக்கே உரிமம் என்பதைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ராதாபுரம் வட்டாரத்து வயரிங் தொழிலாளி ஒருவன்