குழந்தைகள் காப்பக அறையைத் திறந்து வையுங்கள்: திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமார்களுக்கு,

வணக்கம். பேறுகால விடுப்பு முடிந்து உங்கள் கம்பெனிக்குத் திரும்பும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம், முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு தந்தது. நல்ல சட்டம்தான். ஆனால், ஆறேழு மாதத்தில்தான் குழந்தை ஆள் அடையாளம் கண்டு, இன்னார்தான் வேண்டும் என்று அழ ஆரம்பிக்கிறது. அதுவரை யார் தூக்கினாலும் சிரித்த பிள்ளை, அப்புறம் புது முகம் கண்டாலே அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். சரியாக அந்த நேரத்தில் அம்மா ஷிப்டுக்குக் கிளம்பவேண்டியிருக்கிறது.

எங்கள் லைன் வீட்டில் குடியிருக்கும் ஒரு பெண் செக்கிங் வேலைக்குப் போகிறார். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், மகனைத் திண்டுக்கல் பக்கம் தன் அம்மாவிடம் விட்டிருக்கிறார். தீபாவளிக்குப் புதுச்சட்டையோடு போனபோது, பையன் பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்துகொண்டான். கூப்பிடக் கூப்பிட வரவில்லை. ஒருவழியாக அவர் மடிக்கு வந்தது மூன்றாம் நாள். அன்று ராத்திரியே திருப்பூர் பஸ். பாட்டி குறையில்லாமல்தான் வளர்க்கிறார். ஆனால் ஒட்டியதும் பிரிவது, ஒவ்வொரு பண்டிகைக்கும் அந்தப் பிள்ளைக்கு மறுபடி நடக்கிறது.

கைக்குழந்தைக்கு அன்பான, இடையறாத உறவு வேண்டும் என்று மனநல மருத்துவர் ஜான் பவுல்பி 1951-லேயே உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை கொடுத்தார். தாய் இல்லாவிட்டால், தாயின் இடத்தில் நிலையாக ஒருவர் வேண்டும் என்றார். இதை வைத்து, பொம்பளைகள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது தப்பு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து ஷாஃபர், எமர்சன் என்ற ஆய்வாளர்கள் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், அதிக நேரம் கூட இருந்தவரைவிட, அழுதால் உடனே கவனித்தவரிடமே குழந்தைகள் அதிகம் ஒட்டிக்கொண்டது தெரிந்தது. வேலைக்குப் போகும் தாய்க்கும் பிள்ளையின் ஒட்டுதல் கிடைக்கும். நடுவில் போய்த் தூக்க வழி வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வழி சட்டத்திலேயே இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும். ஓய்வு நேரத்தையும் சேர்த்து, தாய் தினமும் நான்கு முறை போய் வரலாம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் பையர் ஆடிட், அதாவது துணி வாங்குகிறவர்கள் தரப்பின் சோதனை, வரும் நாளில் மட்டும்தான் அந்த அறை திறக்கிறது. பொம்மைகள் இன்னும் பாலிதீன் கவருக்குள்ளேயே இருக்கின்றன. மனசு ஆறவில்லை.

அறையைத் தினமும் திறந்து வையுங்கள். தனியாக முடியாதவர்கள் பக்கத்துக் கம்பெனிகளோடு சேர்ந்து நடத்துங்கள். ஆயாவுக்கு நிலைத்து நிற்கும் அளவுக்குச் சம்பளம் கொடுங்கள். மாதம் ஒரு ஆயா மாறினால் பிள்ளை யாரிடம் ஒட்டும்? பிள்ளையைப் பார்த்து வரும் நேரத்துக்குப் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் டெய்லர்களின் கூலி குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூலி குறையும் என்றால் எந்தத் தாயும் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரர் ஒருவர்