இறங்குவது எளிது என்று எழுதியிருந்தேன்

மாப்பிள்ளை,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை என்று நீ திட்டியது முழுக்க நியாயம், வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வாத்தியாரைப் போன மாதம் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், அதே குடை, அதே கோபம். உன்னை விசாரித்தார், ஆம்லெட் விஷயத்தை இன்னும் மறக்கவில்லை மனுஷன்.

மே மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போகலாமா என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன், ஆனால் கொல்லிமலை என்ற பெயரை எழுதினாலே கை நின்றுவிடுகிறது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

2003-ல் நாம் இரண்டு பேரும் கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அறப்பளீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே தொடங்கும் அந்தப் படிகளில் இறங்கி, குளித்துவிட்டு, யார் முதலில் மேலே வருவது என்று பந்தயம் கட்டி ஓடி வந்தோம். நீதான் ஜெயித்தாய், சரி, இன்னொரு முறை சொல்லிக்கொள். ஊருக்கு வந்ததும் நான் எழுதிய பயணக் கட்டுரையில் ஒரு வரி: 'படிகள் நன்றாக இருக்கின்றன, வயதானவர்கள்கூட எளிதாக இறங்கிவிடலாம்.' அந்தக் கட்டுரை பத்திரிகையோடு முடிந்துபோயிருக்க வேண்டியது. யாரோ தட்டச்சு செய்து போட்டு, இப்போது வாட்ஸ்அப்பில் என் பெயரோடும் பெயர் இல்லாமலும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

போன மார்கழியில் கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கடிதம் போட்டிருந்தார். அவருடைய அப்பா ரிடையர்டு ஆசிரியர், அறுபத்தேழு வயது. என் கட்டுரையை அச்செடுத்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். நான் எழுதியபடியே எளிதாக இறங்கிவிட்டார். ஏறும்போது பாதியில் நெஞ்சு இறுகி உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை. அந்த மலைக்காரப் பையன்கள் நாலு பேர் வேட்டியில் தூளி கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். பிழைத்துவிட்டார், நல்லபடியாக இருக்கிறார். அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி: 'சார், நீங்க நிஜமாவே அங்க போயிருக்கீங்களா?'

போயிருக்கிறேனே! முப்பத்தொரு வயதுக் காலை வைத்துக்கொண்டு போனேன். அந்தக் காலோடு போனவன் அறுபத்தேழு வயதுக்காரருக்கு எப்படி வாக்குக் கொடுத்தேன்? இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். 'அருவி ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி' என்றார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

அதனால்தான் மறுபடி போனேன். இந்த முறை உன் தங்கச்சியும் கூட வந்தாள், கையில் நோட்டோடு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. அதெல்லாம் நீ ஆயிரம் தடவை எழுதியாயிற்று, விடு. படிக்கு வருகிறேன். நூறு படிக்கு ஒரு கோடு போட்டு எண்ணினோம். ஆயிரத்தைத் தாண்டியது. சரியான எண்ணை எழுதப்போவதில்லை, எனக்கு ஒரு கணக்கு, அவளுக்கு ஒரு கணக்கு, எண்ணிக்கையால் யாருக்கும் பிரயோஜனமும் இல்லை. படி ஒரே உயரமாக இல்லை என்பதுதான் விஷயம். ஒரு படி ஒரு சாண், அடுத்தது ஒன்றரைச் சாண். இறங்கும்போது உடம்பே கீழே தள்ளிக்கொண்டு போவதால் தெரிவதில்லை. ஏறும்போது அந்த ஒன்றரைச் சாண் படியில் ஒவ்வொரு முறையும் முழங்காலைக் கையால் ஊன்றித்தான் எழ வேண்டியிருந்தது. இறங்க நாற்பது நிமிடம், ஏற ஒன்றே முக்கால் மணி நேரம், நடுவில் பதினோரு இடத்தில் உட்கார்ந்தோம். இதைத்தான் 2003-ல் எழுதியிருக்க வேண்டும்.

படியோரம் முடவாட்டுக்கால் சூப் விற்கிற ஓர் அம்மாவிடம் உட்கார்ந்தோம். அந்தக் கிழங்கை நீ பார்த்திருப்பாய், ஆட்டுக்கால் மாதிரி பழுப்பு ரோமத்தோடு இருக்கும், பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளருவது. அந்த அம்மா கத்தியால் ரோமத்தைச் சுரண்டிச் சுரண்டி, உள்ளே பச்சையாகத் தெரிந்ததும் துண்டு போட்டு, மிளகு சீரகத்தோடு நசுக்கினார். மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நல்லதோ இல்லையோ, அந்தக் களைப்பில் அதன் சூடும் காரமும் தேவாமிர்தம். 'வயசானவங்க யாரையாவது திருப்பி அனுப்புவீங்களா?' என்று கேட்டேன். 'இறங்கறப்ப யாருங்க இங்க நிக்கறாங்க? ஏர்றப்பத்தான் உட்கார்றாங்க, அப்ப சொல்லி என்ன ஆகப்போவுது' என்றார். இருபது வருடமாக ஊர் ஊராகப் போய் எழுதுகிறோம், இந்த அம்மாவுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை பார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மே மாதம் வேண்டாம். கோடையில் அருவி மெலிந்துவிடும், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். பெருமழையிலும் போகாதே, தண்ணீர் அதிகமானால் வனத்துறை குளிக்க விடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு வா. ஆடி பதினெட்டையொட்டி செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும், பார்க்க வேண்டியதுதான், ஆனால் கைக்குழந்தையோடு அந்தக் கூட்டத்தில் மாட்டாதே. பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள். வளைவில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு, இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் இரண்டாம் கியரில் வா. பெரியவனுக்கு வாந்தி வருமே, அவனை முன் சீட்டில் உட்கார வை, வெறும் வயிற்றோடு ஏற்றாதே. அம்மா வருவதாக இருந்தால் ஆகாய கங்கைக்கு அழைத்துப் போகவே போகாதே. கோயிலிலேயே உட்காரட்டும், பக்கத்து ஓடையில் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டு இருப்பார்கள். அருவியில் நனைந்தே ஆக வேண்டும் என்றால் மாசிலா அருவி இருக்கிறது, இவ்வளவு படி கிடையாது. 'இத்தனை தூரம் வந்துட்டு' என்று யாராவது ஆரம்பிப்பார்கள், நீ அசையாதே.

இப்போது கோபித்துக்கொள்ளாமல் இதையும் கேள். உன் வெள்ளியங்கிரிக் கட்டுரையை மறுபடி படித்தேன். அழகான கட்டுரை, விடியற்காலைப் பனியை நீ எழுதியது மாதிரி என்னால் எழுத முடியாது, இதை எல்லார் முன்னாலும் சொல்வேன். ஆனால் 'மனம் இருந்தால் போதும், மலை தானாக ஏற்றிவிடும்' என்று முடித்திருக்கிறாய். மாப்பிள்ளை, ஏழு மலை அது. 2024-ல் அந்த மலை ஏறப்போய் எத்தனை பேர் உயிர் போனது என்று நீயும் பேப்பரில் படித்தாய்தானே? இதயக் கோளாறு, மூச்சுத்திணறல் இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே சொல்கிறது. உன் அந்த ஒரு வரியைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு யாரோ மூங்கில் தடியோடு கிளம்புவார். அந்த வரியை எடுத்துவிடு. எடுத்துவிட்டு, எந்த மலையில் முதலில் மூச்சு வாங்கியது, எங்கே தண்ணீர் கிடைத்தது, எந்த இடத்தில் திரும்பிவிடலாம் என்று உன் உடம்பு சொன்னது, அதை எழுது. இறங்கும்போது கால் நடுங்கியதை என்னிடம் போனில் சொன்னாயே, அது கட்டுரையில் ஏன் இல்லை?

நானும் என் பழைய கட்டுரைகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். 'எளிதாக' என்று எழுதிய இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறேன். இதுவரை இருபத்தாறு. ஒவ்வோர் இடத்துக்கும் மறுபடி போக முடியாது, தெரியும். முடிந்தவரை போகப்போகிறேன். கூட வருகிறாயா? இந்த முறை பந்தயம் இல்லை, மெதுவாக ஏறலாம்.

திருத்தி எழுதிய கொல்லிமலைக் கட்டுரையை முதலில் அந்தக் கரூர் ஆசிரியருக்குத்தான் அனுப்பினேன். படித்துவிட்டு, இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழை திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதன் நகலை உனக்கும் வைத்திருக்கிறேன்.

மலை மிளகு கால் கிலோ உன் பங்காக எடுத்து வைத்திருக்கிறேன். சீக்கிரம் வந்து வாங்கிக்கொள், இல்லாவிட்டால் உன் தங்கச்சி ரசத்தில் போட்டுத் தீர்த்துவிடுவாள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.