தோப்பு ராக் கச்சேரி: சனிக்கிழமைக்கு முன் படித்துவிடுங்கள்

மைக் பர்மிஷன் கிடைத்துவிட்டது. ஆனால் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கடைசி பேண்ட் 9.45-க்கு முடித்தாக வேண்டும். "அண்ணா, இன்னும் ஒரே ஒரு பாட்டு" என்று யாரும் கெஞ்ச வேண்டாம்.

மேடையை இடம் மாற்றியிருக்கிறோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைக் குறைத்து எடைபோட்டது என் தப்புத்தான். நேற்று சோதித்தபோது பேனர் கிழிந்து, டிரம்ஸின் சிம்பல் (தட்டு) ஸ்டாண்டோடு வரப்பில் கிடந்தது. இப்போது மாட்டுக்கொட்டகைச் சுவர்தான் மேடைக்கு முதுகு. மாடுகள் அன்றைக்குப் பெரியப்பா தோட்டத்தில் இருக்கும். பாஸ் கிதார் அதிர்ந்தால் கறவை நின்றுவிடும் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கிணற்று மோட்டார் லைனில் ஆம்ப் (கிதார் ஆம்ப்ளிஃபயர்) சொருகாதீர்கள். விவசாய இணைப்பை வேறு வேலைக்கு எடுத்தால் அபராதம். ஜெனரேட்டருக்கு டீசல் பணம் இன்னும் ஆறு பேர் தரவில்லை, அவர்களுக்கே தெரியும்.

கோவையிலிருந்து வருகிறவர்கள் வேலந்தாவளம் வழியாகக் கேரளப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை வந்துவிடலாம், வாளையார் சுற்ற வேண்டாம். வண்டியைத் தென்னைக்கு அடியில் நிறுத்தாதீர்கள், காய் இன்னும் வெட்டவில்லை. அப்புறம், கள்ளுக்கடை பக்கத்தில்தான் இருக்கிறது. மேடையில் வாசித்து முடித்த பிறகு போங்கள்.