நூற்புழு எல்லாம் பகையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நூற்புழு (மண்ணில் வாழும் நூல் போன்ற நுண்புழு, நெமட்டோடு) என்றதும் அது வேரில் உண்டாக்கும் வேர்முடிச்சும் வாடிய செடியும்தான் நினைவுக்கு வருகின்றன. பயிரின் வேரைத் தொடாமல் பூச்சியின் உடலைத் தேடிச் செல்லும் நூற்புழுக்களும் மண்ணில் உண்டு என்பது பலருக்குத் தெரியாததால், அவற்றைக் கொண்டு பயிர்ப் பூச்சியை அடக்கும் உயிரியல் முறை இன்னும் ஓரமாகவே கிடக்கிறது.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து 2016-இல் ஆப்பிரிக்காவிலும் 2018-இல் இந்தியாவிலும் கண்டறியப்பட்ட படைப்புழு (ஓர் அந்துப்பூச்சியின் புழு), மக்காச்சோளக் குருத்துக்குள் தன் எச்சத்தையே கூரையாக்கிப் பதுங்குவதால், மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டுவதில்லை. ஸ்டெய்னெர்நீமா, ஹெட்டெரோராப்டிடிஸ் இன நூற்புழுக்களோ, குருத்தில் தேங்கும் ஈரத்தின் வழியே ஊர்ந்து சென்று, படைப்புழுவின் வாய் அல்லது சுவாசத் துளை வழியாக உள்ளே புகுந்து, தம் குடலில் சுமந்துவரும் பாக்டீரியாவை வெளிவிடுகின்றன. பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் படைப்புழு மடிந்துவிடுகிறது. ஹெட்டெரோராப்டிடிஸ் தாக்கிய புழு செங்கல் நிறமாகிக் கிடக்குமே தவிர, அழுகி நாறாது.

ஆனால் இது பொடி மருந்து அன்று, உயிர். வெயிலும் வறட்சியும் அதற்கு ஆகாது. பொழுது சாய்ந்த பிறகு, தெளிப்பானின் நுண்வடிகட்டியைக் கழற்றிவிட்டு, அடியில் படியாமல் கலக்கியபடியே தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் தெளித்துவிட்டுப் பலனில்லை என்று கைவிடுவது (அதுதான் பெரும்பாலும் நடக்கிறது) நூற்புழுவின் குற்றமன்று.

எனவே, விற்கப்படும் ஒவ்வொரு பொட்டலத்திலும் உற்பத்தித் தேதி, உயிருள்ள நூற்புழுக்களின் எண்ணிக்கை, சேமிக்க வேண்டிய வெப்பநிலை ஆகியவை உழவர் படிக்கும் மொழியில் அச்சிடப்படுவதை வேளாண் துறையினர் கட்டாயமாக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்