குன்னூர் அம்மாயி வீட்டுக்கு ஒருநாள் பயணம்

எல்லாருக்கும் வணக்கம். 2026 ஜனவரி 18, ஞாயிறு. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்படும் மலை ரயிலில் போகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதையை மூடிவிடுவார்கள், அதனால்தான் தை வரை தள்ளிவைத்தோம்.

1. வருபவர் பெயர், வயது இன்றிரவுக்குள் வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும்.
2. 6.30-க்கே நிலையத்தில் இருங்கள்.
3. ஸ்வெட்டர், குல்லா கட்டாயம். கல்லாறு தாண்டினால் பல்சக்கரப் பாதை, வண்டி மெதுவாகத்தான் ஏறும். குழந்தைகளுக்கு இட்லி கட்டிக்கொள்ளுங்கள்.
4. அம்மாயிக்குச் சர்க்கரை இருக்கிறது, இனிப்பு வேண்டாம். முட்டிவலியால் அவர் கீழே இறங்கி வருவதேயில்லை. பேரப்பிள்ளைகளைக் கண்டிப்பாகக் கூட்டி வாருங்கள்.
5. திரும்புவது வேனில்.

வருகிறீர்களா இல்லையா, குழுவிலேயே பதில் போடுங்கள்.