பாலையில் தனியே நடக்கச் செல்லும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

விடுமுறை நாள்களில் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குத் தனியே நடக்கச் செல்லும் தென் கலிபோர்னியத் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். தனியே போகாதீர்கள் என்று சொல்ல இம்மடலை எழுதவில்லை. நானும் தனியே நடப்பவன்தான். அந்த அமைதியின் அருமை எனக்கும் தெரியும். எந்தப் பாதையில் நடக்கப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள், எந்த நேரம் கடந்தும் தகவல் வராவிட்டால் உதவிக்கு அழைக்க வேண்டும் என்பவற்றைத் தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்பதே என் வேண்டுகோள்.

2010 ஜூன் மாதம், ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்த ஒருவர் ஒரு பகல் நடைக்காகத் தனியே இப்பூங்காவுக்குள் சென்றார். போகக்கூடிய இடங்கள் என்று அவர் சொல்லியிருந்தவை பல. முதலில் போவதாக இருந்த இடம் பூங்காவின் தென்கிழக்கில் இருக்க, அவருடைய கார் நின்றிருந்ததோ வெகு தொலைவில், மேற்கே ஜூனிபர் ஃப்ளாட்ஸ் பாதை தொடங்கும் இடத்தில். அது கண்டுபிடிக்கப்படுவதற்குள் தேடலின் விலைமதிப்பற்ற முதல் நாள்கள் கழிந்துவிட்டன. ஹெலிகாப்டர்களும் மோப்ப நாய்களும் தேடியும் பயனில்லை. அவருடைய எச்சங்கள் கிடைத்தது 2022இல்தான்.

பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 3,200 சதுர கிலோமீட்டர். உள்ளே பெரும்பாலான இடங்களில் கைப்பேசிச் சிக்னல் கிடைக்காது. அவசரத் தொலைபேசிகள் இன்டர்செக்‌ஷன் ராக் அருகிலும் இந்தியன் கோவ் பகுதியிலும் உள்ளன. தெற்கே காட்டன்வுட் பக்கம் நடப்பவருக்கு இவை இரண்டும் எட்டாத் தொலைவு. அங்கிருந்து லாஸ்ட் பாம்ஸ் சோலைக்குப் போய்வர 12 கிலோமீட்டர். பாதை மணல் ஓடைகளைக் கடக்கும் இடங்களில் முன்பு போனவர்களின் காலடித் தடங்கள் நாலாபுறமும் பிரிந்து கிடக்கும். எல்லாமே பாதை போலத்தான் தோன்றும். விசிறிப் பனைகளைப் பார்க்கப் பள்ளத்தாக்கில் இறங்குவது எளிது, ஆனால் கால்கள் சோர்ந்து தண்ணீரும் குறைந்த பிறகுதான் ஏற்றம் காத்திருக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். கோடையில் அதுவும் போதாது. கோடையில் இப்பாதையைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எழுதிக் கொடுத்த பாதையை அங்கே போய் மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், சிக்னல் உள்ள இடத்துக்குத் திரும்பி வந்து வீட்டுக்குச் செய்தி அனுப்பிய பிறகு நடையைத் தொடங்குங்கள். தாளை வாங்கி வைத்திருப்பவருக்கும் ஒரு வார்த்தை: குறித்த நேரம் கடந்தால், "கோபித்துக்கொள்வாரோ" என்று தயங்கி விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 911ஐ அழைத்து, தாளில் உள்ள பாதையின் பெயரையும் காரின் எண்ணையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் தனியே நடக்கும் ஒருவன்